சாஃப்ட்வேருக்கு டிஓஐ வாங்குறது எப்படி? கிட்ஹப் லிங்க் மட்டும் பத்தாதுன்னு ரிவ்யூவர் சொல்லிட்டாரு

காரப்பொடி:

எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் பக்கத்துல மீன்வளத்துல பிஹெச்டி பண்ணிக்கிட்டு இருக்கேன். லேண்டிங் சென்டர்ல இறங்குற மீனை மெஷரிங் போர்டு மேல வச்சு போட்டோ எடுத்தா, அதுலேர்ந்து ஒவ்வொரு மீனோட நீளத்தையும் தானா அளந்து ஷீட்டுல கொட்டுற மாதிரி பைத்தான்ல ஒரு டூல் எழுதியிருக்கேன், பாம்பன்லயும் ராமேஸ்வரத்துலயும் காரல், சூடை ரெண்டுக்கும் ஓட்டிப் பாத்தாச்சு, கையால அளக்குறதுக்கும் இதுக்கும் பெரிசா வித்தியாசம் வரல. அதை வச்சு ஒரு பேப்பர் அனுப்பினோம், இப்ப ரிவிஷன் வந்திருக்கு. ரெண்டாவது ரிவ்யூவர் வேற எதையும் பெரிசா கேக்கல, ஆனா இதை மட்டும் புடிச்சுக்கிட்டாரு: கோடுக்கு கிட்ஹப் (கோடு வச்சுக்கிற தளம்) லிங்க் குடுத்திருக்கீங்க, அது நாளைக்கே காணாமப் போகலாம், நிரந்தரமான அடையாள எண், அதான் டிஓஐ, வாங்கி ரெஃபரன்ஸ்ல சேருங்கன்னு.

எங்க கைடு "நம்ம காப்பிரைட் ரிஜிஸ்டர் பண்ணிட்டா போதும்லம்மா"ன்றாரு. அது போதுமா? இன்னொண்ணு, வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் "உங்க சாஃப்ட்வேருக்கு டிஓஐ வாங்கித் தர்றோம்"னு ரேட் கார்டு போட்டு அனுப்புறாரு. உண்மையிலயே காசு கட்டணுமா இதுக்கு? அப்புறம் நான் மாசத்துக்கு ஒருக்கா கோடை மாத்திக்கிட்டே இருக்கேன், ஒவ்வொரு தடவையும் புது நம்பரா, அப்படின்னா ஜனங்க எதைத்தான் சைட் பண்ணுவாங்க? தடைக்காலம் முடிஞ்சு போட்டு கடல்ல இறங்கிட்டா எனக்கு ஃபீல்டு வேலை ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள இதை முடிச்சு விடணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தொண்டி_வாடைக்காத்து:

தங்கச்சி, முதல்ல அந்த ரேட் கார்டு ஆளை பிளாக் பண்ணு. ஒத்தப் பைசா வேண்டாம். ஜெனோடோன்னு ஒரு இலவசக் களஞ்சியம் இருக்கு, ஆய்வுக் கோடு, டேட்டா எல்லாம் போட்டு வைக்கிறதுக்கு, ஜெனீவா சேர்ன் ஆய்வுக்கூடம் நடத்துறது, 2013லேர்ந்து ஓடுது. கிட்ஹப் அக்கவுண்டை வச்சே லாகின் பண்ணலாம். உள்ள போனா உன்னோட ரெப்போ (கோடு இருக்கிற ஃபோல்டர்) எல்லாம் லிஸ்ட்டா வரும், எது வேணுமோ அதுக்கு நேரா இருக்கிற சுவிட்சை ஆன் பண்ணிட்டு, அதுக்கப்புறம் கிட்ஹப்ல போய் ஒரு ரிலீஸ் போடு, அதாவது இப்ப இருக்கிற கோடை ஒரு வெர்ஷனா வெளியிடு, வி1.0.0 அப்படின்னு. ஜெனோடோ அந்த ரிலீஸை ஜிப்பா எடுத்து தன்கிட்ட வச்சுக்கிட்டு ஒரு டிஓஐ குடுக்கும், 10.5281னு ஆரம்பிக்கும். அம்புட்டுத்தான். ரெப்போ பப்ளிக்கா இருக்கணும், அதை மறந்துடாத.

மாசாமாசம் மாத்துறதைப் பத்தி கேட்டல்ல, ஜெனோடோ ரெண்டு விதமா நம்பர் குடுக்கும். ஒவ்வொரு ரிலீஸுக்கும் தனித்தனியா ஒண்ணு. மொத்த டூலுக்கும் சேத்து பொதுவா ஒண்ணு, அது எப்பவுமே கடைசி ரிலீஸுக்குத்தான் கொண்டு போகும். நம்ம போட்டுல இஞ்சினை மாத்துவான், பெயின்ட் அடிப்பான், பலகையே புதுசா போடுவான், ஐஎன்டி டிஎன் 10 எம்எம்னு ஆரம்பிக்கிற பதிவு நம்பர் மட்டும் அப்படியே கெடக்கும்ல, அந்தப் பொது நம்பர் அது மாதிரி. ரீட்மீல (ரெப்போவோட அறிமுகக் குறிப்பு) பொது நம்பரைப் போடு. பேப்பர்ல மட்டும் நீ எந்த வெர்ஷனை வச்சு ரிசல்ட் எடுத்தியோ அந்த வெர்ஷனோட நம்பரைப் போடு, ஏன்னா அஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தன் உன் அட்டவணையை மறுக்கா போட்டுப் பாக்கணும்னா அவனுக்கு அந்தக் கோடுதான் வேணும், நீ போன வாரம் மாத்தினது இல்ல. நிறைய பேரு பேப்பர்ல பொது நம்பரைப் போட்டுடுறாங்க, எனக்கு அதைப் பாத்தா கோபம்தான் வரும்.

உச்சிப்புளி_எஸ்:

நான் ஒண்ணு கேக்கட்டுமா, இம்புட்டும் எதுக்கு? கிட்ஹப் என்ன நாளைக்கே மூடப் போறானா? மைக்ரோசாஃப்ட்காரன் வச்சிருக்கான். ரிவ்யூவருங்களுக்கு எதையாவது சொல்லணும்னு சொல்றாங்க.

தொண்டி_வாடைக்காத்து:

@உச்சிப்புளி_எஸ் அண்ணே, கிட்ஹப் மூடணும்னு அவசியமே இல்ல. பேரை மாத்தினா போதும், பிஹெச்டி முடிச்சிட்டு அக்கவுண்டை டெலீட் பண்ணினா போதும், ரெப்போவை பிரைவேட் ஆக்கினா போதும். அதைவிட முக்கியம், லிங்க் உயிரோட இருந்தாலும் அங்க இன்னைக்கு இருக்கிற கோடும் பேப்பர் எழுதினப்ப இருந்த கோடும் ஒண்ணு இல்ல. கிட்ஹப் மாதிரியே கூகுள் கோடுன்னு ஒண்ணு இருந்துச்சே, 2016ல மூடிட்டான், அதுக்கு முன்னாடி வந்த பேப்பர்ல எல்லாம் அந்த லிங்க்தான் கெடக்கு. கூகுளே நடத்தின இடம் அது.

உச்சிப்புளி_எஸ்:

சரிப்பா சரி. கூகுள் கோடு நான் மறந்தே போயிட்டேன்.

நூலகத்து_மாமி_ராம்நாடு:

காரப்பொடிம்மா, உங்க கைடு சொன்ன காப்பிரைட் விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா எங்க லைப்ரரிக்கும் வாரம் ஒருத்தர் இதைக் கேட்டுக்கிட்டு வர்றாங்க. 1957 காப்பிரைட் சட்டத்துல கம்ப்யூட்டர் புரோகிராம் இலக்கியப் படைப்பு கணக்குல வருது, ரிஜிஸ்டர் பண்ணலாம், சர்ட்டிஃபிகேட் வரும், அது சொத்து யாரோடதுன்னு காட்டுறதுக்கு. அதுக்கு விண்ணப்பிச்சா வர்ற டைரி நம்பரை வச்சு யாரும் உங்க கோடை டவுன்லோடு பண்ண முடியாது, எந்த வெர்ஷன்னு சொல்ல முடியாது. ரிவ்யூவர் கேக்குறது அதை இல்ல. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரியும் இல்ல, அவர் அதையும் பண்ணிக்கட்டும், அப்ரைசல்ல உதவும்.

ஆனா அதுலயே ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. கோடு யாரோடது? சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்க வேலையில எழுதினா பொதுவா அது நிறுவனத்துக்குப் போகும், ஃபெல்லோஷிப்ல இருக்கிற மாணவிக்கு உங்க நிறுவனத்தோட ஐபி (அறிவுசார் சொத்து) பாலிசி என்ன சொல்லுதுன்னு பாக்கணும். எம்ஐடி, ஜிபிஎல் மாதிரி ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ் போட்டு வெளிய விடுறதுக்கு முன்னாடி கைடுகிட்ட ஒரு மெயில்ல "சரி"ன்னு எழுதி வாங்கிக்கோங்க. வாயால சொன்னது வேண்டாம். லைசன்ஸ் ஃபைலே இல்லாம போடுறது இன்னும் மோசம், அப்படிப் போட்டா பாக்கலாமே தவிர யாரும் சட்டப்படி எடுத்துப் பயன்படுத்த முடியாது.

டிஓஐ தனி ஆளுக்கு நேரா குடுக்க மாட்டாங்க. டேட்டாசைட், கிராஸ்ரெஃப் மாதிரி பதிவு பண்ற அமைப்புல மெம்பரா இருக்கிற களஞ்சியமோ பதிப்பகமோதான் குடுக்க முடியும். டேட்டாசைட் 2009ல ஆரம்பிச்சது, ஜெனோடோ, ஃபிக்‌ஷேர் ரெண்டுமே அது வழியாத்தான் வாங்குறாங்க. அந்த வாட்ஸப் ஆளும் பெரும்பாலும் உங்க ஜிப்பை இலவசமா எங்கயாவது போட்டுட்டு உங்ககிட்ட காசு வாங்குறவராத்தான் இருப்பார். அதுலயும் ஒரு கேடு, ரெக்கார்டு அவர் அக்கவுண்டுல இருக்கும், அடுத்த வெர்ஷனுக்கு மறுபடி அவர் வாசல்லதான் நிக்கணும்.

பை த வே, ஜெனோடோன்ற பேரு அலெக்ஸாண்டிரியா நூலகத்தோட முதல் நூலகர் ஜெனோடோட்டஸ் பேர்லேர்ந்து வந்தது. எங்க ஆளு பேரை வச்சிருக்காங்கன்னு எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

காரப்பொடி:

ரொம்ப நன்றி மாமி, அண்ணா. கைடுக்கு மெயில் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். பேரு எப்படிப் போடுறது? எனக்கு அப்பா பேரு இனிஷியல் மட்டும்தான், சர்நேம்லாம் கிடையாது, ஜெனோடோல குடும்பப் பேரு குடுன்னு கேக்குது. அப்புறம் மீனை அடையாளம் கண்டுபிடிக்கிற மாடல் ஃபைல் பெரிசு, அதை கிட் எல்எஃப்எஸ்ல (பெரிய ஃபைலைத் தனியா வைக்கிற வசதி) வச்சிருக்கேன், அதுவும் ஜிப்ல சேந்து போயிடுமா?

கீழக்கரை_காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் ஆராய்ச்சி ஆளு இல்ல, சாஃப்ட்வேர் கம்பெனில குப்பை கொட்டுறவன், ஆனா இந்த மாதிரி ரிலீஸ் வேலை நெறையப் பண்ணியிருக்கேன்.

எல்எஃப்எஸ் ஃபைலு ஜிப்ல வராதும்மா, கிட்ஹப் செட்டிங்ஸ்ல அதை ஆன் பண்ணாத வரைக்கும். வர்றது ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைலு, "அசல் அங்க இருக்கு"ன்னு சொல்ற சீட்டு மட்டும்தான். சப்மாடியூலும் (உள்ள கோத்து வச்ச வேற ரெப்போ) அதே கதைதான், காலி ஃபோல்டராத்தான் வரும். கோடு இருக்கு மாடலு இல்லன்னா எவனும் ஓட்ட முடியாது. மாடலை ஜெனோடோலயே தனி ரெக்கார்டா கையால அப்லோடு பண்ணிடு, ஒரு ரெக்கார்டுக்கு 50 ஜிபி வரைக்கும் விடுவாங்க, அதுக்கு தனி டிஓஐ வரும். ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு கோத்து விடுற மாதிரி மெட்டாடேட்டால (ரெக்கார்டோட விவரப் படிவம்) ஒரு கட்டம் இருக்கு. அப்லோடு மட்டும் ராத்திரியில போடு, மண்டபத்து நெட்டு பகல்ல தாங்காது.

பேரு விஷயத்துக்கு, எப்படி சைட் பண்றதுன்னு சொல்ற சைட்டேஷன் டாட் சிஎஃப்எஃப்னு ஒரு ஃபைலை ரெப்போவோட மேல் மட்டத்துல வச்சிரு. சாதா டெக்ஸ்ட் ஃபைலுதான், யாமல் வடிவம். தலைப்பு, எழுதினவங்க, ஒரு வரி மெசேஜ், ஃபார்மட் வெர்ஷன் 1.2.0, இந்த நாலும் கட்டாயம். தள்ளி எழுதுறதுக்கு ஸ்பேஸ்தான் போடணும், டேப் கீயைத் தட்டினா உடைஞ்சிடும். இதை வச்சுட்டா கிட்ஹப்ல ரெப்போ பக்கத்துலயே சைட் பண்றதுக்கு ஒரு பட்டன் வந்திடும், 2021லேர்ந்து இருக்கு. ஜெனோடோவும் இதைத்தான் படிக்கும். இந்த ஃபைலு இல்லேன்னா கிட்ஹப்ல யாரு கமிட் போட்டாங்களோ (கோடுல மாத்தம் சேத்தாங்களோ) அவங்களை எல்லாம் ஆசிரியரா எடுத்துக்கும், ஸ்பெல்லிங் திருத்தினவன் பேரு கூட உங்க பேருக்குப் பக்கத்துல வந்து உக்காந்துக்கும், கைடு பேரு இருக்காது. அப்புறம் பாரு உங்க லேபுல நடக்குற கூத்தை. டாட் ஜெனோடோ டாட் ஜேசன்னு இன்னொரு ஃபைலும் உண்டு, அது இருந்தா ஜெனோடோ அதை மட்டும்தான் பாக்கும், சிஎஃப்எஃப்பை கண்டுக்காது. ஒண்ணு போதும், ரெண்டையும் வச்சுக்கிட்டு ஒண்ணுல திருத்தி ஒண்ணுல விட்டுட்டு அல்லாடாத.

இனிஷியல் விஷயத்துல உன் பேப்பர்ல எப்படி வருதோ அப்படியே போடு. உன் பேரை குடும்பப் பேரு கட்டத்துலயும் அப்பா பேரை மத்த கட்டத்துலயும் போட்டா "உன் பேரு, இனிஷியல்"னு வந்திடும், நம்ம ஊரு ஆளுங்க நெறைய பேரு அப்படித்தான் பண்றாங்க. கூடவே ஆர்கிட் நம்பர், ஆய்வாளருக்குன்னு இருக்கிற அந்த 16 இலக்க அடையாளம், அதைக் கண்டிப்பா சேரு. பேரை எப்படி எழுதினாலும் நீதான்னு அது சொல்லிடும்.

இப்ப நான் கேக்குறேன். அந்த ரெப்போவுல எப்பவாவது போட்டுக்காரங்க குடுத்த ஜிபிஎஸ் ஃபைலு, போன் நம்பரு, முகம் தெரியுற போட்டோ இதெல்லாம் இருந்துச்சா? இப்ப இல்லேன்னாலும் பழைய கமிட்ல?

காரப்பொடி:

காக்கா, இருக்கு. எங்க சீனியர் ஒருத்தங்க ஆரம்பத்துல வேற வேலைக்கு எடுத்த டிரிப் ஷீட் ஒண்ணை டேட்டா ஃபோல்டர்ல போட்டிருந்தாங்க, எந்த வள்ளம் எங்க வலை போட்டுச்சுன்னு புள்ளியோட. அப்புறம் எடுத்தாச்சு. ரெப்போ இப்ப வரைக்கும் பிரைவேட்தான், ரிவ்யூவருக்கு மட்டும் தனியா லிங்க் குடுத்திருந்தோம். எடுத்துட்டோம்ல, இனி பிரச்சனை இல்லதானே?

கீழக்கரை_காக்கா:

இருக்கும்மா. நல்ல வேளை பிரைவேட்ல இருக்கு. கிட்ல ஒரு ஃபைலை அழிச்சா இப்போதைய பக்கத்துலேர்ந்துதான் போகும், வரலாறுல அப்படியே கெடக்கும். ஜெனோடோக்கு போறது அந்த ரிலீஸோட ஜிப் மட்டும்தான், பழைய கமிட் போகாது, அதனால அங்க தப்பிச்ச. ஆனா ரெப்போவை பப்ளிக் ஆக்கின அடுத்த நிமிஷம் எவன் வேணும்னாலும் வரலாறைத் திருப்பிப் பாக்கலாம்.

அதோட சாஃப்ட்வேர் ஹெரிடேஜ்னு ஒரு காப்பகம் இருக்கு, பிரான்ஸ்ல இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016ல ஆரம்பிச்சது, யுனெஸ்கோவும் கூட நிக்குது. அவங்க பப்ளிக் கோடை எல்லாம் முழு வரலாறோட சேத்து எடுத்து வச்சுக்குவாங்க, கிட்ஹப்பை அவங்களே சுத்தி வந்து அள்ளுவாங்க, நீ கேக்கவே வேணாம். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லல. ஆனா உன் டிரிப் ஷீட்டும் அதுக்குள்ள போயிட்டா அப்புறம் திரும்ப எடுக்குறது லேசு இல்ல.

எந்தப் பார்ல (கடலடிப் பாறைத் திட்டு) என்ன மீன் கெடக்குன்னு ஒரு வீட்டுக்காரன் இன்னொரு வீட்டுக்காரன்கிட்ட கூட சொல்ல மாட்டான் நம்ம பக்கம். உங்களை நம்பி ஷீட்டுல எழுத விட்டிருக்கான். அதுலயும் சில புள்ளி தீவு பக்கத்துல, மீன் பிடிக்கக் கூடாத தேசியப் பூங்கா எல்லைக்குள்ள விழுந்திருந்துச்சுன்னா யோசிச்சுப் பாரு, அந்த வள்ளக்காரனுக்கு என்ன ஆகும்னு. டிஓஐ வாங்குறதே எதுவும் அழியக்கூடாதுன்னுதான், அது நல்ல கோடுக்கும் பொருந்தும் இந்த ஷீட்டுக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியது சுலபம். பழைய ரெப்போவை பிரைவேட்டாவே விட்டுடு. இப்ப இருக்கிற சுத்தமான கோடை மட்டும் காப்பி பண்ணி புது ரெப்போல புது முதல் கமிட்டா போட்டு அதை பப்ளிக் ஆக்கு. வரலாறு வேணும்னா கிட் ஃபில்டர் ரெப்போன்னு ஒரு டூல் இருக்கு, அந்த ஃபைலை மட்டும் எல்லா கமிட்லேர்ந்தும் உருவி எடுத்திடும். எனக்கு கேட்டா புது ரெப்போதான். டெஸ்ட் பண்றதுக்கு வச்சிருக்கிற மீன் போட்டோவையும் ஒரு கண்ணு பாரு, போன்ல எடுத்த போட்டோவுக்குள்ளயே ஜிபிஎஸ் ஒளிஞ்சிருக்கும், அதையும் துடைச்சிட்டுப் போடு.

உச்சிப்புளி_எஸ்:

காக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் போட்டுக்காரங்க வீட்டுப் பையன், எங்க சித்தப்பாகிட்ட ஒரு தடவ சர்வேக்கு வந்தவங்க புள்ளியை வாங்கிட்டுப் போய் மேப்பா போட்டு மீட்டிங்ல காட்டிட்டாங்க, அதுலேர்ந்து சர்வேன்னு யாரு வந்தாலும் வீட்டுல இல்லன்னு சொல்லச் சொல்லிடுவாரு. டிஓஐ எதுக்குன்னு கேட்டவன் நான்தான், ஆனா இதுக்காகவாச்சும் இந்த த்ரெட் உருப்படி.

சரி என் பங்குக்கு ஒரு கேள்வி, அந்த சாஃப்ட்வேர் ஹெரிடேஜும் நம்பர் குடுக்குதுல்ல, அதையே பேப்பர்ல போட்டுட்டா ஜெனோடோ எதுக்கு?

தொண்டி_வாடைக்காத்து:

குடுக்குது அண்ணே, எஸ்டபிள்யூஹெச்ஐடின்னு சொல்வாங்க, 2025ல அது ஐஎஸ்ஓ தரமாவே ஆயிடுச்சு. அது யாரும் ஒதுக்கிக் குடுக்குற நம்பர் இல்ல, கோடோட உள்ளடக்கத்துலேர்ந்தே கணக்குப் போட்டு வர்றது, ஒரு எழுத்து மாறினாலும் நம்பர் மாறிடும். அதனால "இதே கோடுதான்"னு நிரூபிக்கிறதுக்கு அதைவிட நல்லது இல்ல, ஒரு ஃபைலு, அதுல ஒரு குறிப்பிட்ட வரின்னு கூட காட்டலாம். ஆனா ஆசிரியர் பேரு, தலைப்பு, வருஷம் இதெல்லாம் சேத்து சைட்டேஷன் கணக்குல ஏறுறதுக்கு டிஓஐதான் இன்னைக்கு எல்லா ஜர்னலுக்கும் பழக்கம். என் பேப்பர்ல ரெஃபரன்ஸ்ல டிஓஐ, கோடு கிடைக்கும் இடம்ன்ற பாராவுல இதையும்னு ரெண்டையும் போட்டிருந்தேன், எடிட்டர் ஒண்ணும் சொல்லல.

தங்கச்சி, டூலு இன்னும் கொஞ்சம் வளந்ததும் ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேருக்கு அனுப்பிப் பாரு. 2016லேர்ந்து நடக்குது, காசு கிடையாது, ரிவ்யூ மொத்தமும் கிட்ஹப்லயே எல்லாரும் பாக்குற மாதிரி நடக்கும். பேப்பர் சின்னதுதான், ஆனா கோடை ஓட்டிப் பாப்பாங்க, டெஸ்ட் இருக்கா, டாக்குமெண்டேஷன் இருக்கான்னு நோண்டுவாங்க. அவங்களும் கடைசியில ஜெனோடோ மாதிரி இடத்துல ஒரு காப்பி வச்சு டிஓஐ குடுன்னுதான் கேப்பாங்க, அதனால இப்ப பண்றது வீண் போகாது.

காரப்பொடி:

புது ரெப்போ போட்டு பப்ளிக் ஆக்கியாச்சு, கைடும் மெயில்ல ஓகே சொல்லிட்டாரு, எம்ஐடி லைசன்ஸ். சிஎஃப்எஃப் ஃபைலும் வச்சாச்சு. ரிலீஸ் போட்டு ஒரு மணி நேரமாச்சு, ஜெனோடோல ஒண்ணையும் காணோம்.

கீழக்கரை_காக்கா:

ரிலீஸ் போட்டப்புறம்தான் சுவிட்சை ஆன் பண்ணியா? அப்படின்னா வராது, அதுக்கு முன்னாடி போட்டதை அது திரும்பிப் பாக்காது. வி1.0.1னு இன்னொண்ணு போட்டு விடு. ரெப்போ லேபோட ஆர்கனைசேஷன் பேர்ல இருந்தா அங்க ஜெனோடோவுக்கு அனுமதி குடுத்திருக்காங்களான்னும் பாரு. பயமா இருந்தா ஜெனோடோவுக்கே சாண்ட்பாக்ஸ்னு ஒரு ஒத்திகை தளம் இருக்கு, தனி அக்கவுண்டு, அங்க போட்டுப் பழகிக்கலாம், அதுல வர்ற நம்பர் டம்மி, அதைக் கொண்டு போய் பேப்பர்ல போட்டுடாத. அசல்ல ஒருக்கா பப்ளிஷ் ஆயிட்டா தலைப்பு, பேரு இதெல்லாம் பின்னாடி திருத்திக்கலாம், உள்ள இருக்கிற ஃபைலை மாத்தணும்னா புது வெர்ஷன்தான்.

காரப்பொடி:

வந்துருச்சு காக்கா!! சுவிட்ச்தான். நம்பர் ரெண்டும் காட்டுது. ஆனா பேப்பர்ல ரிசல்ட் எடுத்தது வி1.0.0ல, டிஓஐ வி1.0.1க்குத்தான் இருக்கு, கோடுல ஒரு எழுத்து கூட மாறல. பேப்பர்ல என்ன எழுதுறது?

நூலகத்து_மாமி_ராம்நாடு:

கோடு மாறலன்னா பேப்பர்ல வி1.0.1னே எழுதிடுங்கம்மா, அதான் வெளியில கிடைக்குற வெர்ஷன். ஒருக்கா அந்த ஜிப்பை நீங்களே ஜெனோடோலேர்ந்து டவுன்லோடு பண்ணி, புது கம்ப்யூட்டர்ல விரிச்சு ஓட்டி, அட்டவணை அதே நம்பர் வருதான்னு பாத்துட்டு எழுதுங்க.

ரெஃபரன்ஸ் லிஸ்ட்லயே போடணும், நன்றி சொல்ற பாராவுலயோ அடிக்குறிப்புலயோ தள்ளிடக் கூடாது, அங்க போட்டா சைட்டேஷன் கணக்குல ஏறாது. ஆசிரியர்கள், வருஷம், டூல் பேரு, வெர்ஷன், ஜெனோடோ, கடைசியில டிஓஐயை முழு லிங்கா. மாடல் ஃபைலுக்கு அதே மாதிரி இன்னொரு வரி. ஜெனோடோ பக்கத்துல எக்ஸ்போர்ட்ல பிப்டெக்ஸ் (ரெஃபரன்ஸ் எழுதுற ஃபைல் வடிவம்) கிடைக்கும், ஆனா சில ஜர்னல் ஸ்டைல் வெர்ஷன் நம்பரை முழுங்கிடும், ப்ரூஃப் வர்றப்ப அதை மட்டும் ஒரு தடவை பாத்துக்கோங்க. பேப்பர் வெளியானதும் சிஎஃப்எஃப் ஃபைல்ல பேப்பரோட டிஓஐயையும் சேத்து விடுங்க, அதுக்குன்னு தனியா ஒரு இடம் இருக்கு.